ஆறாவது ஆசானின் காது

மண்ணரையில் எங்கள் தெருமுனை சலூன். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, மீசையை எடுத்துவிடுங்கள் என்றேன். கடைக்காரர் கையிலிருந்த தண்ணீர்க் குப்பியைக் கீழே வைத்தார். ரேடியோவைக் குறைத்தார். பிறகு என் தோளில் கையை வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"ஊட்டுல ஏதாச்சும் துக்கமுங்களா?"

எங்கள் பக்கத்தில் பழனிக்கோ திருப்பதிக்கோ வேண்டிக்கொண்டால் தலையும் மீசையும் சேர்ந்து போகும். தலை இருக்க மீசை மட்டும் போனால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பெற்றவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

துக்கமெல்லாம் இல்லீங்க என்றேன். அப்புறம் எதற்கு என்று அவர் கேட்கவில்லை, ஆனால் கத்தியையும் எடுக்கவில்லை. நான் என்ன சொல்வது? செத்தது நான்தான், செத்துப் பல நூறு வருஷமாகிறது, நாளைக்கு ஒரு வெள்ளைக்கார அம்மணி வருகிறார், அவருக்கு என் முகம் அடையாளம் தெரியக்கூடாது என்று சொன்னால், கத்தி பிடிக்கிற மனிதருக்குக் கை நடுங்கிவிடும். கம்பெனி வேலைங்க, எடுங்க என்றேன். கம்பெனி வேலை என்றால் திருப்பூரில் யாரும் மேற்கொண்டு எதையும் கேட்கமாட்டார்கள்.

ஒரு பக்கம் முடிந்து மறுபக்கத்துக்குக் கத்தி போனபோது கண்ணாடியில் அப்பா தெரிந்தார். தூக்குப்போசியில் டீ வாங்கிக்கொண்டு போனவர் அப்படியே நின்றுவிட்டார். பாதி மீசையோடு நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு சலூனுக்குள் தலையை நீட்டி, கோபமே இல்லாமல், தகவல் சொல்வதுபோலச் சொன்னார்.

"ஏஞ்சாமி, நான் இன்னும் இருக்கறனே."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். படிகாரம் எரிந்தது. மேலுதட்டில் ஃபேன் காற்று படுவது எப்படி இருக்கும் என்பதைக் கல்லூரி வயதுக்குப் பிறகு அன்றுதான் மறுபடியும் தெரிந்துகொண்டேன்.

சாம்பிள் ஊர்

இந்தத் தொடரைப் படிக்கிற கல்லூரி மாணவி ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார். பழைய காலத்துக் கலைஞர்களில் யாரிடமாவது படிக்கலாம் என்றால் யாரிடம் படிப்பீர்கள்? நல்ல பிள்ளை, நல்ல கேள்வி. ஆனால் எனக்கு இது புதுக் கேள்வி இல்லை அம்மா. இந்தக் கேள்வியால்தான் என் மீசை போயிற்று.

கம்ப்யூட்டர் வந்து, ஃபேக்ஸ் இன்னும் சாகாமல் இருந்த வருஷங்கள் அவை. நான் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் டிரேசிங் வேலையில் இருந்தேன். வெளிநாட்டு பையர், அதாவது சரக்கு வாங்குகிறவர், ஒரு படம் அனுப்புவார். அதை பிலிமில் அப்படியே நகல் எடுத்துக் கொடுக்க வேண்டும். பிலிமை வைத்து ஸ்கிரீன் செய்வார்கள். ஸ்கிரீனை பனியன்மேல் (டி-ஷர்ட்டுக்கும் எங்கள் ஊரில் பனியன் என்றுதான் பெயர்) வைத்து மையை இழுத்தால் படம் ஒட்டிக்கொள்ளும். கரடி, மண்டையோடு, இதயம், ஆங்கிலத்தில் ஏதாவது ஒரு வரி. இதுதான் என் ஓவிய வாழ்க்கை.

'அப்படியே' என்ற சொல் எங்கள் ஊரில் வேதவாக்கு. பையர் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்ட பனியனுக்கு அப்ரூவ்டு சாம்பிள் என்று பெயர். அதை பாலிதீன் பையில் போட்டு, பீரோவில் பூட்டி, யாராவது சந்தேகம் கேட்டால் எடுத்துப் பார்ப்போம். எங்கள் கம்பெனி ஃபேக்ஸ் மிஷினில் ஏதோ கோளாறு, வருகிற தாளிலெல்லாம் குறுக்கே மெல்லிசாய் ஒரு கோடு விழும். அந்தக் கோட்டையும் சேர்த்து நகல் எடுத்தேன். ரொம்ப நாள் வரைக்கும் ஐரோப்பாக் குழந்தைகள் போட்டுக்கொண்ட கரடிகளுக்கெல்லாம் வயிற்றில் ஆபரேஷன் செய்த தழும்பு இருந்தது. ஒரு பையரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுவே டிசைன் என்று நினைத்திருப்பார்கள்.

எனக்கு வரையச் சொல்லிக்கொடுத்தவர் யாருமில்லை. நான் படித்த பள்ளியில் டிராயிங் வாத்தியார் வேலை காலியாகவே கிடந்தது. அந்தப் பீரியடில் எங்களை மைதானத்தில் கல் பொறுக்கவிட்டார்கள். அதனால் ஒன்றைப் பார்த்து வரையச் சொன்னால் மூலத்துக்கும் நகலுக்கும் வித்தியாசம் தெரியாமல் வரைந்துவிடுவேன். பார்க்காமல் வரையச் சொன்னால் கை அப்படியே நின்றுவிடும். இந்தக் குறை எனக்குள் இருந்தது, வெளியே சொல்லிக்கொண்டதில்லை.

என் மனைவி செல்வி அதே கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தாள். தைத்து வருகிற பனியனை மேஜையில் விரித்துப் பார்த்து, கறையோ ஓட்டையோ இருந்தால் அந்த இடத்தைக் காட்டி ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது அவள் வேலை. அந்த அம்புகள் வீட்டுக்கும் வரும். சுவரில் ஈரம் ஊறினால் அங்கே ஒரு அம்பு. என் சட்டைக் காலரில் அழுக்கு இருந்தால் வாயால் சொல்லமாட்டாள். கம்பெனிக்குப் போன பிறகு யாராவது, அண்ணா கழுத்துல அம்பு இருக்குதுங்க என்பார்கள்.

ஐந்து முகமும் ஒரு காலியிடமும்

ஒருநாள் புது ஆர்டர் ஒன்று வந்தது. எங்கோ குளிர் நாட்டில் ஓர் ஓவியப் பள்ளி. அங்கே படிக்கிறவர்களுக்கான பனியன். ஆறு விதம். ஒவ்வொன்றிலும் முட்டை வடிவச் சட்டத்துக்குள் பழைய ஓவியர் ஒருவரின் முகம். கீழே, இவரிடம் படிக்க ஆசை என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி.

ஐந்து முகம் அனுப்பியிருந்தார்கள். ஐந்து பேரும் கண்ணாடியைப் பார்த்துத் தங்களைத் தாங்களே வரைந்துகொண்டவர்கள். பெயர்கள் எங்கள் வாயில் நுழையவில்லை, அதனால் கம்பெனியே பெயர் வைத்தது. தாடிக்காரர், தொப்பிக்காரர், கிழவனார், பூ வெச்ச அக்கா. ஐந்தாமவர் காதோடு சேர்த்துத் தலையைச் சுற்றித் துணி கட்டியிருந்தார். அவருக்குப் பல்வலி என்று செக்கிங் பிரிவு முடிவுசெய்து, பாவம், கிராம்பு வெக்கோணும் என்று இரக்கப்பட்டது.

ஆறாவது பிலிம் வரவில்லை. அதற்குப் பதிலாக அந்தப் பள்ளியின் அம்மணியிடமிருந்து மெயில் வந்தது. ஆறாமவர் உங்கள் நாட்டுக்காரராக இருக்கட்டும். உங்களுக்கு யாரிடம் படிக்க ஆசையோ அவரை நீங்களே போடுங்கள்.

நீங்களே போடுங்கள். இப்படி ஒரு வாக்கியத்தை எங்கள் கம்பெனி அதுவரைக்கும் பார்த்ததில்லை. மெர்ச்சண்டைசர் ஜெபராஜ், அதாவது பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் கிடந்து அல்லாடுகிறவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், மெயிலைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, சாம்பிள் எங்க இருக்குன்னு சொல்லவே இல்லையே அண்ணாச்சி என்று என்னிடம் வந்தார். இல்லாத சாம்பிளை எங்கே தேடுவது?

முதலாளி மீட்டிங் போட்டார். அவருடைய யோசனை, கம்பெனியைத் தொடங்கிய அவருடைய அப்பா. நாடா வைத்த ஜட்டிக்கு எலாஸ்டிக் வைத்தவர், அவரும் கலைஞர்தானே என்றார். மறுத்துப் பேச யாருக்கும் தைரியம் வரவில்லை. ஜெபராஜ், தன் ஊர்ச் சர்ச் கூரையில் சம்மனசுகளை, அதாவது தேவதூதர்களை, வரைந்தவரைச் சொன்னார். அந்த ஆள் சம்மனசுகளுக்கெல்லாம் உள்ளூர்ப் பெண்களின் முகத்தைப் போட்டுவிட்டு ராத்திரியோடு ராத்திரியாக ஊரைவிட்டு ஓடினாராம். அயர்னிங்கில் இருந்த ஒடிசாக்காரர், எங்கள் ஊரில் கல்லில் தேர்ச்சக்கரம் செதுக்கியவர்களைப் போடுங்கள் என்று இந்தியில் சொன்னார். அதுவும் நியாயம்தான்.

நான் அவிநாசி முதலையைச் சொன்னேன்.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். குளத்தில் முதலை விழுங்கிய பிள்ளையை, வருஷங்கள் கழிந்து ஒரு அடியார் வந்து பாட, முதலை கரையேறி உயிரோடு திருப்பிக் கொடுத்த கதை. அவிநாசிக் கோயிலில் இருக்கிற கல்முதலையின் வாயிலிருந்து பிள்ளை வெளியே வந்துகொண்டிருக்கும். சின்ன வயதிலிருந்து எத்தனையோ தடவை அதன் முன்னால் நின்றிருக்கிறேன். எனக்கு அந்தச் சிற்பியிடம் படிக்க வேண்டும்.

அவரு மூஞ்சி எங்க கிடைக்கும் என்றார் முதலாளி. மூஞ்சியும் கிடையாது, பேரும் கிடையாதுங்க சார், சட்டத்தைக் காலியாக விட்டுவிடலாம் என்றேன். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். எல்லாருக்கும் பசி வந்துவிட்டதால் மீட்டிங் அதோடு முடிந்தது.

வெறும் சட்டமும் அடியில் அந்த வரியும் மட்டும் இருந்த என் டிசைன் மெயிலில் போயிற்று. அம்மணி உருகிப்போய்ப் பதில் எழுதினார். முகமில்லாத எல்லாருக்குமான மரியாதை என்று ஏதேதோ புகழ்ச்சி. முதலாளிக்கே ஆச்சரியம்.

"ஏனுங்க முருகேசு, இந்த ஆர்டரு ஒரு கம்ப்ளெய்ன்ட் இல்லாம போச்சுன்னா டிசைனர் ரூமு உங்களுக்குத்தானுங்க" என்றார். "வந்துச்சுன்னா பழையபடி டிரேசிங்குதான்."

டிசைனர் ரூம் என்பது ஏ.சி. போட்ட ஒரு சின்ன அறை. முன்பிருந்த டிசைனர் பெங்களூருக்குப் போய்விட்டதால் பூட்டிக் கிடந்தது. என் டிரேசிங் மேஜையோ கெமிக்கல் டிரம்களுக்குப் பக்கத்தில். மத்தியானம் ரசஞ்சோறு சாப்பிட்டாலும் அந்த வாடைதான் அடிக்கும். ஆனால் எனக்கு ஏ.சி. பெரிதில்லை. அந்த அறைக்குள் போகிறவன் நகல் எடுக்கிறவன் இல்லை, வரைகிறவன். அதற்காக மனசு அடித்துக்கொண்டது.

பொன்னுசாமி மாஸ்டரின் நியாயம்

பிலிம்களைக் கொடுத்த மறுநாள் எங்கள் பையனுக்கு அம்மை போட்டுவிட்டது. வாசலில் வேப்பிலை கட்டினோம். நானும் செல்வியும் லீவு. அம்மை போட்ட வீட்டுக்கு யாரும் வரமாட்டார்கள், போன்கூடப் பண்ணமாட்டார்கள். மாரியாத்தா வந்து உட்கார்ந்திருக்கிற வீட்டில் பனியன் பேச்சுப் பேசலாமா?

பிரிண்டிங், அருள்புரத்தில் பொன்னுசாமி மாஸ்டரின் பட்டறையில் நடந்தது. தங்கமான மனிதர். வேலையை நிறுத்துவது என்றால் அவருக்குப் பிடிக்காது. பிலிம் பையைத் திறந்தார். ஐந்து சட்டத்தில் முகம் இருக்கிறது, ஆறாவதில் இல்லை. அவர் அனுபவத்தில் காலியிடம் என்று ஒரு டிசைன் கிடையாது. காலியாக இருந்தால் பிலிம் தொலைந்துவிட்டது என்று அர்த்தம்.

ஜெபராஜ் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேறொரு கண்டெய்னருக்குப் பின்னால் அலைந்துகொண்டிருந்தார், லைன் கிடைக்கவில்லை. அம்மை போட்ட வீட்டுக்கு போன் பண்ணக்கூடாது. மாஸ்டர் உட்கார்ந்து யோசித்தார். அவர் யோசித்த விதத்தைப் பிற்பாடு என்னிடம் சொன்னபோது, என்னால் அதில் ஒரு குற்றமும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"நீங்கதானுங்க சொன்னீங்க, இவீக அஞ்சு பேரும் அவீகளை அவீகளே வரைஞ்சவீகன்னு. அப்ப ஆறாவது ஆளும் தன்னையேதானுங்க வரைஞ்சிருக்கோணும்? ஆறாவதை வரைஞ்சது யாருங்க? நீங்க."

அப்படியானால் வரவேண்டிய முகம் என்னுடையது. அந்த முகமும் அவரிடம் தயாராக இருந்தது. எங்கள் கல்யாணம் முடிந்து அடுத்த வாரம் வைத்த விருந்துக்கு கம்பெனி நண்பர்கள் என்னையும் செல்வியையும் சேர்த்து அச்சடித்த பனியனைப் போட்டுக்கொண்டு பந்தியில் நின்றார்கள். மற்ற ஊர்களில் நண்பர்கள் ஃபிளெக்ஸ் வைப்பார்கள், எங்கள் ஊரில் பனியனாகவே போட்டுக்கொள்வார்கள். அந்த ஸ்கிரீன் மாஸ்டரின் பட்டறைப் பரணில் கிடந்தது.

அதை இறக்கி, செல்வியின் முகத்தை டேப் ஒட்டி மறைத்து, என்னை மட்டும் சட்டத்துக்குள் இறக்கினார். ஆனால் கல்யாணப் போட்டோவில் தலையோடு தலை ஒட்டி நின்றிருந்தோம். செல்வியை எவ்வளவு மறைத்தும் அவளுடைய இடது காது மட்டும் போகவில்லை. என் கன்னத்தை ஒட்டி, ஜிமிக்கியோடு நின்றது. தாலி கட்டுகிற கூட்ட நெரிசலில் அந்த ஜிமிக்கியில் ஒரு முத்து உதிர்ந்துவிட்டது. உதிர்ந்த இடம்கூடப் படத்தில் தெளிவாக விழுந்திருந்தது. டிரேஸ் எடுத்தவன் நானல்லவா, ஒன்றையும் விட்டிருக்கமாட்டேன்.

பனியன்கள் கம்பெனிக்கு வந்தன. செக்கிங்கில் யாராவது தடுத்திருக்க மாட்டார்களா என்று நீங்கள் கேட்கலாம். அவர்களுக்கு ஒரே சந்தோஷம். நம்ம அண்ணன் மூஞ்சி பாரின் போகுது என்று தனிக் கவனத்தோடு ஒவ்வொன்றையும் விரித்துப் பார்த்து, ஒரு நூல்பிசிறுகூட இல்லாமல் சுத்தம் பண்ணி அனுப்பினார்கள். அந்தப் பெட்டிகளைப்போல சுத்தமான சரக்கு எங்கள் கம்பெனியிலிருந்து அதற்கு முன்னும் போனதில்லை, பின்னும் போனதில்லை.

பையனுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு வேலைக்குப் போனேன். எல்லாரும் கைகொடுத்தார்கள். எதற்கு என்று தெரியாமலேயே நானும் கொடுத்தேன். மீதியான ஒரு பனியனை செல்வி எடுத்து வந்து என் மேஜையில் விரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. கப்பல் போய்விட்டிருந்தது.

"என்ற காதையாவது எடுத்திருக்கலாமுங்க" என்றாள் செல்வி.

ஒரு கேள்விக்குறி

எதிர்பார்த்தபடி மெயில் வந்தது. சுருக்கமான மெயில். சட்டம் காலியாக இருக்கும் என்று ஒப்புக்கொண்டோம், ஒரு முகம் இருக்கிறது. இவர் யார்? அந்த மூன்றாவது காதுக்கு என்ன பொருள்?

இது கம்ப்ளெய்ன்ட்டா இல்லையா என்று முதலாளி அறையில் விவாதம் நடந்தது. ஜெபராஜ் என்னைக் காப்பாற்ற உயிரைக் கொடுத்து வாதாடினார். கேள்விக்குறிதான் போட்டிருக்காவ, கம்ப்ளெய்ன்ட்னு எங்கயும் எழுதலையே என்றார். முதலாளி, நீங்களே பதில் போடுங்க, நான் பார்க்கவில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஜெபராஜ் போட்ட பதில் இது. அவிநாசி முதலையைச் செதுக்கிய பழங்காலச் சிற்பி இவர். கடைசி நேரத்தில் அவருடைய உருவம் எங்களுக்குக் கிடைத்துவிட்டது. மூன்றாவது காது, கல் பேசுவதைக் கேட்பதற்கு.

அம்மணிக்கு அந்தக் காது ரொம்பப் பிடித்துப்போனது. ஒருவருக்குக் காதில் கட்டு, இன்னொருவருக்குக் கூடுதலாக ஒரு காது, எப்பேர்ப்பட்ட சிந்தனை என்று பள்ளியே பேசிக்கொள்கிறதாம். மாணவர்கள் ஆறாவது பனியனுக்குத்தான் அடித்துக்கொள்கிறார்களாம். கடைசி வரியில்தான் இடி இறங்கியது. வருகிற வாரம் இந்தியா வருகிறேன். அந்த முதலையையும், இதை யோசித்த டிசைனரையும் பார்க்க வேண்டும்.

முதலையைக் காட்டிவிடலாம். டிசைனரைக் காட்டினால் செத்துப்போன சிற்பி காபி டம்ளரோடு வந்து நிற்பார். என்னை ஒளித்துவைத்து, வேறொருவரை நான் என்று காட்டலாம் என்றால், டிசைனைப் பற்றி அவர் ஏதாவது கேட்டால் யார் பதில் சொல்வது? கடைசியில் முதலாளிதான் வழி சொன்னார். படத்தில் கண்ணில் படுவது முறுக்கு மீசை. அதை எடுத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. அப்படித்தான் சலூனுக்குப் போனேன்.

காதைப் பற்றி ஒருவருக்கும் நினைவு வரவில்லை. அது என் காது இல்லையே.

முதலையின் முன்னால்

மறுநாள் வீட்டில் அப்பா எனக்கு முகம் கொடுக்கவில்லை. பையன் என்னைப் பார்த்து அழுதான். செல்வி மட்டும் நிதானமாகப் பார்த்து, பாக்கறக்கு உங்க தங்கச்சியாட்ட இருக்கறீங்க என்று சொல்லிவிட்டு டிபன் கட்டினாள்.

அம்மணி உயரமான, நரைத்த, கலகலப்பான பெண்மணி. ஆறாவது பனியனைத்தான் போட்டுக்கொண்டு வந்தார். என் முகத்தின்மேல் ஒரு பருத்தித் துப்பட்டா புரண்டுகொண்டிருந்தது. அவர் கைகொடுத்தபோது நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. மேலுதடு வேர்த்துக் கொட்டியது.

அவிநாசிக்குப் போனோம். முதலையின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். அந்த உருவப்படம் எங்கே இருக்கிறது என்று கேட்டார். அமாவாசைக்கு அறை திறக்கமாட்டார்கள் என்று ஜெபராஜ் ஆங்கிலத்தில் சொன்னார். முதலாளி அண்ணாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டார். அன்றைக்கு வளர்பிறை.

பிறகு அம்மணி என் பக்கம் திரும்பி, இந்தச் சிற்பியிடம் நீங்கள் என்ன படிக்க விரும்பினீர்கள் என்று கேட்டார். இதற்கு யாரும் எனக்குப் பதில் தயார் பண்ணித் தந்திருக்கவில்லை. அதனால் உண்மையைச் சொன்னேன்.

"இவர் காலத்துல அவிநாசிக் குளத்துல ஏதுங்க முதலை? இவர் ஆயுசுல முதலையைப் பாத்திருக்க மாட்டாருங்க. யாரோ சொன்னதைக் கேட்டுட்டு அடிச்சிருக்காரு. சாம்பிள் இல்லாம எப்புடிச் செய்யறதுன்னு இவர்கிட்டக் கத்துக்கோணும்."

ஜெபராஜ் ஒரு சொல்கூடக் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தார். அம்மணி முதலையின் மூக்கைப் பார்த்தார். கொஞ்சம் எருமைச் சாயல் உள்ள மூக்கு. அந்தப் பக்கத்து எருமை எதையாவது பார்த்திருப்பார் என்பது என் கணிப்பு. ஆனால் அந்த வாய் எதையும் பார்த்து வந்ததில்லை. விழுங்குகிற வாயும் திருப்பிக் கொடுக்கிற வாயும் ஒன்றேதான், அதைக் கல்லில் கொடுக்கிற வாயாகக் காட்ட வேண்டும். இவ்வளவு பெரிய ஆளின் இடத்தில் என் மூஞ்சியைப் போய் ஒட்டிவைத்திருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது.

செக்கிங் மேஜை

தப்பித்துவிட்டோம் என்று நினைத்தோம். காரில் முதலாளி எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தார். அதுவரைக்கும் அவர் எனக்குத் தண்ணீர்கூட வாங்கித் தந்ததில்லை. கம்பெனியை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டு அம்மணியை வழியனுப்பிவிடலாம் என்று ஏற்பாடு.

கட்டிங், தையல், அயர்னிங் எல்லாம் முடிந்து செக்கிங்குக்கு வந்தோம். மேஜைகளுக்கு நடுவில் நடந்துகொண்டிருந்த அம்மணி செல்விக்குப் பின்னால் நின்றுவிட்டார். செல்வி குனிந்து ஒரு பனியனின் தோள்தையலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது காதில் ஜிமிக்கி. அதில் ஒரு முத்து இல்லை.

அம்மணி துப்பட்டாவை விலக்கித் தன் பனியனைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து காதைப் பார்த்தார். மறுபடியும் குனிந்து பார்த்தார். முதலாளி என் கையைப் பிடித்துக்கொண்டார், ஆறுதலுக்கு, எனக்கு இல்லை, அவருக்கு.

ஜெபராஜ் ஆங்கிலத்தில் ஏதோ ஆரம்பித்தார். செல்வி திரும்பிப் பார்த்து, என்ன கேக்கறாங்க என்று அவரையே கேட்டாள். அவருக்கு வேறு வழியில்லை.

"இந்தப் படத்துல இருக்கிற காது உங்க காது மாதிரியே இருக்குன்னு சொல்லுதாவ தங்கச்சி."

"மாதிரி இல்லீங்க. என்ற காதேதான். எங்க கண்ணாலத்துல எடுத்த போட்டாங்க."

தவறு கண்ணில் பட்ட பிறகு பனியனை பாஸ் பண்ணுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. யார் அழுதாலும் பண்ணமாட்டாள். டிசைனர் ரூமுக்குள் எனக்காக ஓடிக்கொண்டிருந்த ஏ.சி. நின்றுபோனதை நான் காதால் கேட்டேன்.

அம்மணி தன் பனியனிலிருந்த முகத்தைத் தொட்டுக் காட்டி, அப்படியானால் இவர் யார் என்று கேட்டார். இதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. செல்வி மேஜையிலிருந்த தாளில் ஓர் அம்பு ஸ்டிக்கரை உரித்தாள். என் முன்னால் வந்து நின்றாள். மூக்குக்குக் கீழே, காலியாக இருந்த இடத்தைக் காட்டி அதை ஒட்டினாள்.

"இவருதானுங்க. இங்க மட்டும் மிஸ்ஸிங்."

முதலில் சிரித்தது அந்த அம்மணிதான். மேஜையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு செக்கிங் முழுதும் சிரித்தது. ஜெபராஜ் சிரித்தார். முதலாளி, சிரிக்கலாமா கூடாதா என்று எல்லார் முகத்தையும் பார்த்துவிட்டுக் கடைசியாகச் சிரித்தார். நான் மட்டும் அம்பு விழுந்துவிடக்கூடாதே என்று வாயைத் திறக்காமல் நின்றேன்.

நடந்ததையெல்லாம், அம்மை, பொன்னுசாமி மாஸ்டர், கல்யாண பனியன் உட்பட, ஜெபராஜ் சொல்லி முடிக்க ஒரு காபி நேரம் ஆனது. மாஸ்டரின் நியாயத்தைக் கேட்டபோது மட்டும் அம்மணி சிரிக்கவில்லை. அவர் சொன்னது சரிதானே என்றார்.

திருத்தம்

பையர் ஒன்றை ஒப்புக்கொள்ளும்போது சின்னக் குறை இருந்தால், இன்ன திருத்தத்தோடு அப்ரூவ்டு என்று எழுதுவது வழக்கம். ஊருக்குப் போய் அம்மணி மெயில் அனுப்பினார். ஆறாவது ஸ்டைல் அப்ரூவ்டு. திருத்தம்: மீசை.

முதலாளி அதை என் அறைக் கதவில் ஒட்டினார். என் அறை என்று எழுதும்போது இப்போதும் ஒரு குளுகுளுப்பு வருகிறது. மீசை அரைகுறையாய் முளைக்கத் தொடங்கிய பிறகுதான் அப்பா என்னோடு டீ குடித்தார்.

அடுத்த தடவை அதே ஆர்டர் திரும்ப வந்தது. இந்த முறையும் ஆறாவது உங்கள் இஷ்டம், என்ன வேண்டுமானாலும் வரையுங்கள் என்றிருந்தார். முகம் வேண்டாம் என்று முடிவுசெய்தேன். அந்த முதலைக்காரருக்கு முகம் வைக்க எனக்கு யோக்கியதை இல்லை. பழைய பனியனைப் பார்த்து, சட்டத்துக்குள் ஜிமிக்கியோடு ஒரு காதை மட்டும் வரைந்தேன். கல் பேசுவதைக் கேட்கும் காது. ஜெபராஜின் பொய்தான், ஆனாலும் நல்ல பொய்.

வரைந்ததை வீட்டுக்கு எடுத்து வந்து செல்வியிடம் காட்டினேன். உள்ளே போய் அம்பு ஸ்டிக்கர் கொண்டுவந்து, ஜிமிக்கியில் முத்து இல்லாத இடத்தில் ஒட்டினாள்.

"எத்தனை ஊருக்குத்தானுங்க என்ற ஜிமிக்கி ஓட்டையாப் போகும்? முத்து வெச்சு வரைங்க."

நான் பேனாவை எடுத்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பார்த்து வரைவதற்காக, முத்து உதிராத வலது காதை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். நான் அந்தப் பக்கம் பார்க்காமலே வரைந்தேன்.